இதற்குத் தெற்கு

முட்டத்தை நான் விற்கவில்லை.
தவறிக் கொடுத்துவிட்டேன்.
சனிக்கிழமை ராத்திரி, பதினொன்றே முக்கால்,
தக்கலையில் மழை, இன்வெர்ட்டர் கீச்சிட்டுக்கொண்டிருக்க
ஒரு கப்பல் படத்தை அழுத்தினேன்.
துறைமுகத்தில் தங்கிப்போக அனுமதி கேட்கிறேன் என்று நினைப்பு.
வடக்கு ராணி தலையசைத்தாள்.
என் துறைமுகம் அவள் நிறத்துக்கு மாறியது.

என் விளையாட்டில் எல்லா ஊருக்கும்
நம் கடற்கரைப் பேர்தான்:
முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம்.
ராணிக்கு வாயில் நுழையாது.

அந்த ஒப்பந்தத் திரையில் எழுத்து குறைவு.
இடப்பக்கம் ஒரு பத்தி, வலப்பக்கம் ஒரு பத்தி,
நடுவில் தராசு.
குலுக்கும் கைகள், கிழிந்த தாள், ஒரு கண்.
கண் எதற்கென்று ஆறு மாதமாய்த் தெரியாது.
மேலே சிவப்பில் ஓர் எண்,
இன்றைக்குக் கழித்தல் நாற்பத்தொன்று.
அவள்மேல் எனக்குள்ள கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.
ஆனால் எனக்குக் கோபமே இல்லையே.

பகலில் நான் பத்திரம் எழுதுகிறவள்.
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடி.
ஞா. ரெத்தின பாய், ஆவண எழுத்தர்.
திங்கட்கிழமை வந்தது மருதூர்குறிச்சிப் பாகப்பிரிவினை:
புஷ்பதாஸ், தம்பி கிறிஸ்துதாஸ்,
பதினாலரை சென்ட், ஒரு கிணறு.
ஒரே பெஞ்சு. நடுவில் ஒரு துணிப்பை,
இருவருடையதும் அல்லாததுபோல.

“கெணறு பொதுவிலே கெடக்கட்டு.
மோட்டார் எனக்கதுண்ணு அவன்ட்ட சொல்லுங்கோ.”
அவன் நாலடி தள்ளி இருக்கிறான்.
நான் திரும்பிச் சொன்னேன்:
கிணறு பொது அனுபவம், மோட்டார் மூத்தவருக்கு.
“மோட்டாருக்க கரண்ட் பில்லு யாருக்குண்ணு கேளுங்கோ.”
திரும்பிக் கேட்டேன்.
மத்தியானம்வரை இப்படி,
வசவைத் துடைத்துவிட்டு
வாக்கியத்தை மட்டும் நகர்த்தினேன்.

எல்லை எழுதும்போது புஷ்பதாஸ் எட்டிப் பார்த்தார்.
“எக்கா, தம்பிக்க பங்கு வடக்கால்லா கெடக்கு?
தெற்குண்ணு எழுதியிருக்கியளே.”

இருபத்திரண்டு வருஷமாய் எல்லாரும் கேட்பது.
நானும் யோசிக்காமல் சொல்வது:
“கிறிஸ்துதாஸ் பங்குக்குத் தெற்கு.
எல்லையை அடுத்தவர் மண்ணில் நின்று சொல்லணும்.
அவர் அங்கே நின்று பார்த்தால்
நீங்கள்தான் தெற்கு.”

சொல்லி முடிக்குமுன் பேனா நின்றுவிட்டது.
கழித்தல் நாற்பத்தொன்று.
அடக் கஷ்டமே.

அன்று ராத்திரி அம்புக்குறியை
அந்த எண்மேல் வைத்து அசையாமல் இருந்தேன்.
ஒரு பட்டியல் விரிந்தது, அவள் கணக்கில்:
எல்லையில் உரசல், கழித்தல் இருபது.
மீறிய வாக்கு, கழித்தல் பதினெட்டு
(வருஷத்துக்கு ஒன்று குறையும்).
தூதனைக் காக்கவைத்தது, கழித்தல் ஐந்து.
முட்டம் தந்தது, கூட்டல் இரண்டு.

இரண்டா!
ஒரு துறைமுகத்துக்கு, கலங்கரை விளக்கோடு, இரண்டா!

பிறகு அந்தக் கண்ணை அழுத்தினேன்.
வரைபடம் தலைகீழாய்ச் சுழன்றது.
கொள்ளையருக்குப் பயந்து ஆற்றங்கரையில் நான் நிறுத்திய
எழுநூறு குதிரைகள்
அங்கிருந்து பார்க்க,
அவள் அரண்மனையை நோக்கி நிற்கின்றன.
ஆறு மாதமாய் நிற்கின்றன.
அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான்
எனக்கு உப்பு விற்றிருக்கிறாள்.

குதிரைகளை உள்ளே இழுத்தேன்.
எண் உடனே மாறவில்லை.
முட்டத்தைத் திருப்பிக் கேட்க
எந்தப் பத்தியில் வைப்பதென்று இப்போது தெரியும்.
கேட்கவில்லை.
இரண்டுக்குப் போனது போகட்டும்,
அவளும் அந்தப் பேரைச் சொல்லிப் பழகட்டும்.

புதன்கிழமை கைரேகை வைக்க வந்தார்கள்.
நடுவில் பை இல்லை,
தோள் தோளில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.
பெரிதாய் ஒன்றும் ஆகிவிடவில்லை.
சாரலில்
பெஞ்சின் மறுபாதி நனைந்திருந்தது.